இரண்டு கேள்விக்குறிகள்

சதுரங்க நூல்களில் ஒரு நகர்வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தால் அது தவறு என்று பொருள். இரண்டு கேள்விக்குறிகள் இருந்தால் பெருந்தவறு, ஆட்டத்தையே கவிழ்த்த நகர்வு. நல்ல நகர்வுக்கு ஒரு வியப்புக்குறி, அபாரமான நகர்வுக்கு இரண்டு. இவ்வளவு சிக்கனமாகத் தீர்ப்புச் சொல்லும் முறை இலக்கிய விமர்சனத்தில் இல்லை. ஒரு நாவலின் முப்பதாவது அத்தியாயத்துக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டு நாம் எழுந்து போக முடியாது. ஏன் என்று எழுத வேண்டும்.

சதுரங்கத்தில் அந்தக் குறியே போதுமானதாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்தக் குறி இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. இந்த நகர்வு தவறு என்பது ஒன்று. இதற்கு முந்திய நிலை நன்றாகத்தான் இருந்தது என்பது மற்றது. முதலாவதை எல்லோரும் பார்க்கிறோம். இரண்டாவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. வென்றிருக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் தோற்ற கதைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரண்டாவது கூற்றுத்தான் கிடக்கிறது.

இக்கட்டுரையில் ஓர் உண்மையான ஆட்டத்தையும் இரண்டு புனைகதைகளையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கப் பார்க்கிறேன். புனைகதைகள் இரண்டும் நாடு பெயர்ந்தவர்கள் எழுதியவை: விளாடிமிர் நபோக்கோவின் லூஷின் நாவல், ஸ்ரெபான் ஸ்வைக்கின் சதுரங்கக் குறுநாவல். முன்னது 1929க்கும் 1930க்கும் இடையில் பாரிஸிலிருந்து வந்த ரஷ்யப் புலம்பெயர் சஞ்சிகை ஒன்றில் தொடராக வெளிவந்தது. பின்னது பிரேசிலில் எழுதப்பட்டு, ஆசிரியர் இறந்த பிறகு 1942இல் புவனஸ் அயர்ஸில் ஜெர்மன் மொழியிலேயே அச்சானது. பேர்லினில் இருந்தவர் ரஷ்ய மொழியில் எழுதுகிறார். அது பாரிஸில் அச்சாகிறது. பெற்றோபொலிஸில் இருந்தவர் ஜெர்மனில் எழுதுகிறார். அது ஆர்ஜென்ரீனாவில் அச்சாகிறது. இப்படியொரு சஞ்சிகையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த முகவரிகள் புதினமாக இராது.

1

முதலில் உண்மையான ஆட்டம். 1892ஆம் ஆண்டு, ஹவானா. உலக சம்பியன் வில்ஹெல்ம் ஸ்ரைனிற்ஸுக்கும் ரஷ்யாவின் மிகயில் சிகோரினுக்கும் இடையிலான போட்டி. 1889இல் இதே நகரில் இவர்கள் ஒரு தடவை மோதி, ஸ்ரைனிற்ஸ் வென்றிருந்தார். இந்த முறை பத்து ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே பட்டம். இருபத்திரண்டு ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்ரைனிற்ஸிடம் ஒன்பது வெற்றிகள், சிகோரினிடம் எட்டு. இருபத்திமூன்றாவது ஆட்டத்தில் சிகோரினுக்கு வெள்ளை. வென்றால் ஒன்பதுக்கு ஒன்பது.

அவர் தனக்குப் பிடித்த பழைய பாணியில், ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைப் பலிகொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார். ராணிகள் சீக்கிரமே வெட்டுப்பட்டுப் போகின்றன. இருபத்திமூன்றாவது நகர்வில் ஸ்ரைனிற்ஸ் ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டுத் தன் இரண்டு கோட்டைகளையும் வெள்ளையின் இரண்டாம் வரிசைக்குள் இறக்குகிறார். ஆபத்தான வேலைதான், ஆனால் அதற்கு மேலே அவரிடம் ஒன்றுமில்லை. சிகோரினுக்கு ஒரு குதிரை கூடுதல். அவருடைய கோட்டை ஏழாம் வரிசைக்குப் போய்விட்டது. குதிரை எதிரியின் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. முப்பத்தியிரண்டாவது நகர்வு அவருடையது. கோட்டையால் பி7 சிப்பாயை எடுத்திருந்தால் வெள்ளைக்கு வெற்றி என்பதே உரையாசிரியர்களின் பொதுவான முடிவு.

சிகோரின் டி6 கட்டத்தில் இருந்த மந்திரியைத் தூக்கி பி4இல் வைத்தார். ஸ்ரைனிற்ஸ் கோட்டையால் எச்2 சிப்பாயை எடுத்து ராஜாவுக்குச் செக் சொன்னார். சிகோரின் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ராஜா ஜி1க்கு ஒதுங்கினால் மற்றக் கோட்டை ஜி2க்கு வந்து மேற். உலகப் பட்டத்துக்கான போட்டி அத்தோடு முடிந்தது.

இந்த நகர்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: அந்த மந்திரி எச்2 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது, சிகோரின் அதை மறந்துபோனார். உண்மைதான். ஆனால் ஒரு பலகையை எடுத்து அந்த நிலையை அடுக்கிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. டி6இல் இருந்த மந்திரிக்கு இரண்டு காவல் வேலைகள் இருந்தன. ஒன்று, தூரத்தில், குறுக்குக் கோட்டின் கோடியில் இருக்கும் எச்2. மற்றது பக்கத்துக் கட்டமான ஈ7இல் நிற்கும் தன் கோட்டை. கறுப்பு ராஜா அந்தக் கோட்டையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது; மந்திரி காக்காவிட்டால் ராஜா அதை எடுத்துவிடும். இப்போது மந்திரியை பி4இல் வையுங்கள். அங்கிருந்தும் அது ஈ7 கோட்டையைக் காக்கிறது. கூடவே டி2இல் நிற்கும் கறுப்புக் கோட்டையைத் தாக்குகிறது. இருந்த காவலை விடாமல் புதிய தாக்குதல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும் நகர்வு அது. எச்2 மட்டும் இல்லையென்றால் அதற்கு ஒரு வியப்புக்குறி போட்டிருப்பார்கள்.

ஆகவே அந்த நகர்வு கவனமில்லாமல் வைக்கப்பட்டது அல்ல. ஒரு காவலை நினைத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்ட கவனம் அது. எதை நினைத்தார், எதை விட்டார் என்பதுதான் முக்கியம். ஈ7 கோட்டை சற்று முன்னர்தான் அங்கே வந்தது. அதன் பிரச்சினை புதியது, கண்முன்னே இருப்பது. எச்2 காவலோ பழையது. இருபத்திமூன்றாவது நகர்வில் மந்திரி ஜி3இலிருந்து டி6க்குப் பின்வாங்கியபோதும் அதே குறுக்குக் கோட்டில்தான் நின்றது. அதற்குப் பிறகு எட்டு நகர்வுகள் அது அசையவில்லை. ஸ்ரைனிற்ஸின் கோட்டைகள் இரண்டாம் வரிசையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தபோதும் எச்2க்கு ஒன்றும் நேராததற்குக் காரணம் அந்த மந்திரிதான். அது அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்ததால்தான் அப்படியொரு வேலை நடப்பதே தெரியாமல் போனது.

வெல்லும் நிலையில் இருப்பவனுக்கே வரும் தவறு இது. தோற்கும் நிலையில் இருப்பவன் எதிராளியின் ஒவ்வொரு மிரட்டலையும் எண்ணிக்கொண்டிருப்பான், எண்ணாமல் அவனால் இருக்க முடியாது. வெல்பவன் தன் திட்டத்தை எண்ணத் தொடங்கிவிடுகிறான்.

2

இனி லூஷின். நபோக்கோவ் இதை சீரின் என்ற புனைபெயரில் ரஷ்ய மொழியில் எழுதினார். நான் வாசித்தது 1964இல் வந்த ஆங்கில வடிவத்தை. பள்ளியில் யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் சதுரங்கத்தைக் கண்டுபிடிக்கிறான், மேதையாகிறான், வளர்ந்தபின் அதைத் தவிர வேறெதுவும் தெரியாத, பருத்து மூச்சுவாங்கும் மனிதனாகிறான். பேர்லினில் ஒரு பெரிய போட்டி. இறுதியில் இத்தாலியரான துராத்தியை எதிர்கொள்ள வேண்டும். துராத்தி எப்படித் தொடங்குவார் என்று எதிர்பார்த்து லூஷின் நாட்கணக்காக ஒரு தற்காப்பைத் தயாரிக்கிறார். துராத்தி அப்படித் தொடங்கவேயில்லை. தயாரிப்பு வீணாகிறது. ஆனாலும் ஆட்டம் அற்புதமாக வளர்கிறது. நடுவில் லூஷின் தீக்குச்சி ஒன்றைக் கொளுத்திவிட்டு அதை மறந்துபோகிறார். விரல் சுடுகிறது. அந்த வலியில் சதுரங்கத்தின் ஆழம் முழுவதும் ஒரு பயங்கரமாக அவருக்குத் தெரிகிறது. ஆட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. அவர் மனம் சிதைகிறது. அந்த ஆட்டம் தொடரப்படவேயில்லை.

நாவலின் சிறப்பே இந்த இடம்தான். யாருக்கு வெற்றி என்பதை நபோக்கோவ் சொல்வதில்லை. வாசகர் பலகையில் அடுக்கிப் பார்க்கக்கூடிய நிலையாகவும் அதைத் தருவதில்லை. சத்தமாகவும் இசையாகவும் பின்னலாகவும் மட்டுமே அந்த ஆட்டம் நமக்குக் கிடைக்கிறது. மிச்சப் பாதி நாவலில் மனைவியும் மருத்துவரும் சதுரங்கம் என்ற சொல்லே அவர் காதில் விழாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். லூஷினோ தன் வாழ்க்கையே ஒரு ஆட்டம் போலத் திரும்பத் திரும்ப அதே நகர்வுகளில் நடப்பதாகக் காண்கிறார். சிறுவயதில் நடந்தது பேர்லினில் திரும்ப நடக்கிறது. வீடு திரும்ப வருகிறது, பள்ளிக்கூடம் திரும்ப வருகிறது. அந்தப் பின்னலை உடைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி ஜன்னல்.

2000ஆம் ஆண்டில் மார்லீன் கோரிஸ் இந்நாவலைப் படமாக்கினார். லூஷினாக ஜோன் ரர்ட்டூரோ, அவர் மணக்கவிருக்கும் பெண்ணாக எமிலி வொட்சன். நடிப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் படம் ஒரு வேலை செய்கிறது. லூஷின் இறந்த பிறகு, அவருடைய சட்டைப்பையில் கிடைத்த குறிப்பை வைத்துக்கொண்டு அந்தப் பெண் துராத்திக்கு எதிரே அமர்ந்து, ஒத்திவைக்கப்பட்ட ஆட்டத்தை முடித்து வெல்கிறாள். பார்க்கிறவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அவர் தோற்கவில்லை, அவரிடம் வெற்றி இருந்தது, அதை எடுத்துக்கொள்ள உடல் இடம் தரவில்லை, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்கிறது படம். நபோக்கோவ் விடாப்பிடியாகத் திறந்து வைத்த கதவை இது சாத்திவிடுகிறது. அந்த நிலை வென்ற நிலைதானா என்ற கேள்வியை நாவல் கேட்கவிடுகிறது. ஆம், வென்ற நிலைதான் என்று படம் நமக்காகப் பதில் சொல்லிவிடுகிறது. இந்த மாற்றம் படத்தை நாவலுக்கு எதிரான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும் நாவலைப் பற்றியும் ஒரு மனக்குறை இருக்கிறது. லூஷின் பலகையில் தவறு செய்வதில்லை. பலகையை விட்டே விலகிப்போகிறார். பிழை விடும் மனிதனை எழுதுவதற்குப் பதிலாக, பிழை விடவே வாய்ப்பில்லாத மேதையை நோயால் வீழ்த்துவது எளிது. சிகோரினுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஒரு மந்திரியைத் தவறான கட்டத்தில் வைத்தார், பிறகு எழுந்தார்.

3

ஸ்வைக்கின் குறுநாவல் இந்த விஷயத்தில் இன்னும் நுட்பமானது. நியூயோர்க்கிலிருந்து புவனஸ் அயர்ஸுக்குப் போகும் கப்பல். உலக சம்பியன் செந்தோவிச் பயணிக்கிறார். எழுத்தறிவு சரியாக வாய்க்காத படகோட்டியின் மகன், காசுக்கு மட்டும் ஆடுபவர். பணக்காரரான மக்கோனர் அவருக்குக் காசு கொடுத்து ஆட்டத்துக்கு அழைக்கிறார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். மக்கோனர் ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைக்குத் தள்ளி ராணியாக்கப் போகிற தருணத்தில் பின்னாலிருந்து ஒருவர் தடுக்கிறார். அது பொறி, ராணியாக்கினால் தோல்வி என்கிறார். அவர் சொன்னபடி ஆட, ஆட்டம் சமநிலையில் முடிகிறது. அவர்தான் டொக்டர் பி.

இந்த அறிமுகம் தற்செயலானதல்ல. வென்றுவிட்டோம் என்று ஒருவர் கையை நீட்டும் கணத்தில், அது வெற்றியல்ல என்று காட்டிக்கொண்டு கதைக்குள் வரும் மனிதர், கடைசியில் தானே அந்தக் கையை நீட்டப் போகிறார்.

டொக்டர் பி. வியன்னாவில் கெஸ்ராப்போவால் ஒரு ஹொட்டேல் அறையில் தனிமையில் அடைக்கப்பட்டவர். புத்தகமில்லை, பேனையில்லை, பேச ஆளில்லை. விசாரணைக்குக் காத்திருந்தபோது ஒரு மேலங்கியிலிருந்து புத்தகமொன்றைத் திருடுகிறார். பார்த்தால் நூற்றைம்பது சதுரங்க ஆட்டங்களின் தொகுப்பு. முதலில் அவற்றைத் தலைக்குள் ஆடுகிறார். எல்லாம் மனப்பாடமானதும் தனக்கெதிராகத் தானே ஆடத் தொடங்குகிறார், வெள்ளையும் அவர், கறுப்பும் அவர். முடிவு, மூளைக் காய்ச்சல். இனிச் சதுரங்கத்தைத் தொடாதே என்பது மருத்துவர் கட்டளை.

கப்பலில் செந்தோவிச்சுடன் ஒரேயொரு ஆட்டம் என்று ஒப்புக்கொண்டு அதை வெல்கிறார். அங்கே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது ஆட்டத்துக்கும் இணங்குகிறார். செந்தோவிச் எதிராளியின் பலவீனத்தைக் கண்டுகொண்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் அனுமதித்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். டொக்டர் பி.யால் காத்திருக்க முடியவில்லை. தலைக்குள் வேறு ஆட்டங்கள் ஓடுகின்றன. திடீரென்று ஒரு காயை நகர்த்திச் செக் என்கிறார். பலகையில் செக் இல்லை. அவர் செக் சொன்னது தன் தலைக்குள் இருந்த ராஜாவுக்கு.

இதை முதல் தடவை ஒரு மனநோயின் கதையாகத்தான் வாசித்தேன். பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப வாசித்தபோது அப்படித் தோன்றவில்லை. டொக்டர் பி.யின் தவறு நமக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. கண்முன் இருக்கும் பலகை ஒன்று, மனதில் ஆடிக்கொண்டிருக்கும் பலகை இன்னொன்று. மனதிலுள்ள பலகையில் நகர்வு மிகச் சரி. ஸ்வைக் தன் வியன்னாவைத் தலைக்குள் வைத்துக்கொண்டு பெற்றோபொலிஸில் இருந்து இதை எழுதினார். முடித்த கையோடு, 1942 பெப்ரவரியில், மனைவியுடன் சேர்ந்து தற்கொலை செய்துகொண்டார். நபோக்கோவுக்குத் தெரிந்த புலம்பெயர் நோய் திரும்ப நிகழ்தல். எங்கே போனாலும் பழைய நகர்வுகள் வருகின்றன. ஸ்வைக்குக்குத் தெரிந்தது இரட்டைப் பலகை. நம்மிடம் இந்த இரண்டும் உண்டு.

4

இனி நம் ஊருக்கு வருகிறேன். ரொறன்ரோ, 2024 ஏப்ரல் 21. உலக சம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின் பதினான்காவதும் கடைசியுமான சுற்று. குவீன் வீதியில் உள்ள கிறேட் ஹோல் மண்டபம். சென்னையில் பிறந்து வளர்ந்த, பதினெட்டு வயதும் நிரம்பாத குகேஷ் எட்டரைப் புள்ளிகளுடன் முன்னணியில். நகமுரா, நெபோம்னியாஷி, கருவானா மூவரும் எட்டில். கடைசி நாளில் இந்த நால்வரும் தமக்குள்ளேயே மோதுகிறார்கள்: நகமுராவோடு குகேஷ், கருவானாவோடு நெபோம்னியாஷி. குகேஷ் நகமுராவுடன் சமன் செய்கிறார். அப்போது மற்றப் பலகையில் கருவானா வெல்லும் நிலையில் இருக்கிறார். வென்றால் ஒன்பதுக்கு ஒன்பது. குகேஷும் அவரும் மேலதிக ஆட்டங்கள் ஆடவேண்டும்.

கருவானாவின் கதை சிகோரினின் கதை போன்றதல்ல. ஒரே நகர்வில் கூரை இடிந்து விழவில்லை. முதல் நாற்பது நகர்வுகளுக்கு இரண்டு மணி நேரம். அந்த நாற்பதைத் தாண்டும் வரை நகர்வுக்கு முப்பது வினாடி கூட்டித் தருவதில்லை. நேரம் நெருக்கும்போது சாதகம் குறைகிறது. பிறகு வருகிறது. பிறகு போகிறது. வெற்றி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அவர் கையருகே வந்து போயிற்று. ஆட்டம் 109 நகர்வுகள் நீண்டு சமநிலையில் முடிந்தது. முடிந்ததும் நெபோம்னியாஷி தனக்கு மிகவும் வருத்தம் என்று சொன்னார். தன்னுடைய பிழைதான் என்று கருவானா பதில் சொன்னார். இருவருக்குமே அந்தச் சமநிலை தோல்விதான். ஒரு வருடத்துக்கு முன்னால் அஸ்தானாவில், உலகப் பட்டத்துக்கான போட்டியின் பன்னிரண்டாவது ஆட்டத்தில், வெல்லும் நிலையில் இருந்து ஒரு சிப்பாயை எஃப்5க்குத் தள்ளித் தோற்று, பின்னர் டிங் லிரெனிடம் பட்டத்தையும் இழந்தவர் இதே நெபோம்னியாஷி. எதிரே இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்று அந்த மண்டபத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இருந்திருக்க முடியாது.

சிகோரினின் காலத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்று ஒளிபரப்பைப் பார்ப்பவர்களின் திரையோரத்தில் ஒரு வெள்ளைக் கறுப்புப் பட்டை இருக்கிறது. கணினியின் கணிப்பு அது. கருவானா காயை வைத்த மறுகணம் பட்டை சரிகிறது. அவருக்கு அது தெரியாது. கைத்தொலைபேசியை வைத்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ‘ஐயோ, இது கூடத் தெரியாதா’ என்று அந்தப் பிள்ளை சொல்லும். பட்டை எங்களை விமர்சகர்களாக ஆக்கவில்லை. இரண்டு கேள்விக்குறிகளை எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நகர்வு ஏன் நல்லதாகத் தோன்றியது, எந்தக் காவலை நினைத்து எந்தக் காவலை விட்டார் என்பதைப் பட்டை சொல்லாது.

அன்று இரவு எங்கள் குழுமங்களில் ஓடிய செய்திகள் நினைவிருக்கிறது. குகேஷ் வென்றார் என்ற மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. எட்டு மாதம் கழித்து, தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், அவர் உலக சம்பியனானபோதும் இருந்தது. அங்கேயும் கடைசி ஆட்டத்தில், சமநிலையாக முடிந்திருக்கக்கூடிய நிலையில், டிங் லிரென் ஒரு கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனால் நாம் எழுதிய வாழ்த்துகளில் கருவானா இல்லை, டிங் இல்லை. அவை விதி, உழைப்பு, தாய் தந்தையின் தியாகம் என்று பேசின. அவை பொய்யல்ல. குகேஷ் முதல் பதின்மூன்று சுற்றுகளில் சேர்த்த எட்டரைப் புள்ளிகளை யாரும் அவருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் ஒரே மண்டபத்தில் நடந்த இரண்டு கதைகளில் ஒன்றை மட்டும் சொல்வது பாதி வாசிப்பு.

5

பாதி வாசிப்பு நமக்கு ஏன் இவ்வளவு இலகுவாக வருகிறது? காரணம், நம் சொந்தக் கதைகளையும் இப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம் என்று நினைக்கிறேன். கலியாண வீட்டு மேசையிலோ செத்தவீட்டு முற்றத்திலோ பேச்சு அரசியலுக்குத் திரும்பினால், யாராவது ஒருவர் ‘அந்த ஒரு முடிவை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால்’ என்று தொடங்குவார். ஆண்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு 1987, ஒருவருக்கு 2002, இன்னொருவருக்கு 2006. எல்லோரிடமும் இரண்டு கேள்விக்குறிகள் தயாராக இருக்கின்றன; எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. அதற்கு முந்திய நிலை வென்ற நிலைதானா, யாருக்கு வெற்றி, எந்தக் காவல்களை நம்பி அது நின்றுகொண்டிருந்தது என்று கேட்பவரை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். ஒரு தவறைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு முந்தியதெல்லாம் சரியாகிவிடுகிறது. அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. கோரிஸின் படம் தரும் அதே ஆறுதல்.

வீட்டுக்குள்ளும் இது நடக்கிறது. தொண்ணூற்றாறு எடுத்த பிள்ளையிடம் அந்த நாலு எங்கே போனது என்று கேட்பது நம்மிடையே ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதை மேடையில் சொல்லிச் சிரிக்கவைக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு முறைப்பாடும் இருக்கிறது: தொண்ணூற்றாறை யாராவது வாசித்தீர்களா? சிகோரினின் முப்பத்தொரு நகர்வுகளையும் பற்றி அதையே கேட்கலாம்.

தவறைத் தவறு என்று சொல்லக்கூடாது என்பதல்ல என் வாதம். பி4 பெருந்தவறுதான், உலகப் பட்டம் அதில் போனது. ஸ்ரைனிற்ஸ் பொறி வைத்துக் காத்திருந்து எடுத்துக்கொண்டார், அவருக்கும் அதில் உரிய பங்கு உண்டு. நான் கேட்பது, இரண்டு கேள்விக்குறிகளைப் போட்ட பிறகு எழுந்து போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பலகைக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது. அப்படி இருந்தால் டி6 மந்திரி தெரியும். எட்டு நகர்வுகளாக ஒரு சத்தமுமில்லாமல் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியும். பலவீனம், பைத்தியம், விதி என்ற மூன்று சொற்களும் அப்போது தேவைப்படா.

ஸ்வைக்கின் கதையில் இதைச் செய்பவர் யார் தெரியுமா? செந்தோவிச். கதைசொல்லி முதல் பக்கத்திலிருந்து மட்டம்தட்டும் மனிதர். பலகை கண்முன் இருந்தாலன்றி ஒரு ஆட்டத்தைக் கூட நினைவில் வைத்து ஆட அவரால் முடியாது. ஸ்வைக் அதை அவருடைய குறையாகவே எழுதுகிறார். டொக்டர் பி. மன்னிப்புக் கேட்டு விலகிப் போகிறார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மக்கோனருக்கு ஏமாற்றம். செந்தோவிச் கதிரையிலிருந்து எழும்பும்போது, பாதியில் நின்ற அந்த ஆட்டத்தை இன்னொரு முறை பார்க்கிறார். அந்தத் தாக்குதல் அப்படியொன்றும் மோசமாகத் திட்டமிடப்பட்டதல்ல என்று சொல்கிறார். கொஞ்சம் மேட்டிமையோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் பார்ப்பது கடைசி நகர்வை அல்ல, அதற்கு முன்னால் வைக்கப்பட்ட எல்லாவற்றையும். ஸ்வைக் தன் கதையின் கடைசி வார்த்தையை அவரிடம் கொடுத்திருக்கிறார்.